அமர வைப்பதே அன்பாகுமா?

"இத்தனை காலம் உழைத்தது போதும், இனி ஓரிடத்தில் உட்காருங்கள் அப்பா" என்று சொல்லாத பிள்ளைகள் நம் குடும்பங்களில் அரியர். அச்சொல்லில் அன்பு உண்டு. நான்காம் கட்டளையை நிறைவேற்றுகிறோம் என்ற மனநிறைவும் உண்டு. ஆயினும் அவ்வன்பே முதியோரின் நினைவாற்றலுக்கு ஊறு செய்யக்கூடும் என்பதை இம்மாதம் நம் குடும்பங்கள் சிந்திக்க வேண்டுமென விரும்புகிறோம்.

கல்வராயன் மலை வாழ்வை நோக்குவோம். வெள்ளிமலையைச் சூழ்ந்த சிற்றூர்களில், சாமையும் தினையும் விளையும் சரிவுகளில் ஏறி இறங்குவதும், கடுக்காயும் புளியும் சேகரிப்பதும், சந்தைக்கு நடப்பதும் தலைமுறை தலைமுறையாக வாழ்வோடு கலந்திருந்தன. உடற்பயிற்சி என்று தனியே ஒன்று அங்கே தேவைப்படவில்லை. பின்னர்ச் சாலையும் பேருந்தும் வந்தன. இவை நன்மைகளே, நோயுற்றவரை விரைந்து மருத்துவமனை சேர்ப்பதற்கு இன்றியமையாதவை. ஆனால் கால்களுக்கு இருந்த வேலை குறைந்தது. கீழே கள்ளக்குறிச்சியிலோ, தெருமுனைக் கடைக்கும் இருசக்கர வண்டி. மாலை முழுதும் தொலைக்காட்சி.

காலுக்கும் மூளைக்கும் என்ன உறவு என்று கேட்கலாம். மூளையின் எடை உடல் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடே. எனினும், உடல் ஓய்ந்திருக்கையில் செலவாகும் பிராணவாயுவில் ஏறக்குறைய 20 விழுக்காட்டை அதுவே எடுத்துக்கொள்கிறது. அதனைக் கொண்டு சேர்ப்பது இரத்தம். நாள்தோறும் நடப்பவரின் இதயமும் இரத்தக் குழாய்களும் நலம் பெறுகின்றன. இரத்த அழுத்தமும் சர்க்கரையும் கட்டுப்பட அது துணை செய்கிறது. இவ்விரண்டும் கட்டுமீறினால் மூளையின் நுண்ணிய குழாய்கள் பழுதுறும்.

அமெரிக்காவில் 55 முதல் 80 வயது வரையுள்ள 120 பேரிடம் நடந்த ஆய்வொன்று 2011-இல் வெளியாயிற்று. ஒரு சாரார் வாரம் மூன்று நாள், 40 நிமிடம் வரை நடந்தனர். மறு சாரார் உடலை நீட்டி மடக்கும் எளிய பயிற்சிகளைச் செய்தனர். ஓராண்டுக்குப் பின், நினைவுக்கு உரிய 'ஹிப்போகேம்பஸ்' என்னும் மூளைப்பகுதி நடந்தோரிடம் 2 விழுக்காடு வளர்ந்திருந்தது, மற்றவரிடம் 1.4 விழுக்காடு சுருங்கியிருந்தது. பின்வந்த ஆய்வுகள் அனைத்தும் இதே அளவைக் கண்டதில்லை. மேலும், மறதி நோய் வந்துவிட்ட 494 பேரிடம் இங்கிலாந்தில் நடந்து 2018-இல் வெளியான ஆய்வில், கடும் உடற்பயிற்சி நோயின் போக்கைத் தணிக்கவில்லை. ஆகவே நடை நோய் தீர்க்கும் மருந்தன்று; வருமுன் காக்கும் வழிகளுள் ஒன்று. இதனை மறவாதிருப்போம்.

"வயலில் உழைத்த உடம்பு, எங்களுக்கு ஏது மறதி நோய்?" என்று கிராமத்தார் எண்ணியிருக்கவும் இடமில்லை. இந்தியாவில் 60 வயதைக் கடந்தோருள் 7.4 விழுக்காட்டினர், அதாவது சுமார் 88 லட்சம் பேர், இந்நோய்க்கு ஆளானவர்கள் என்று 2023-இல் வெளியான தேசிய ஆய்வு மதிப்பிட்டது. நகரத்தாரைவிடக் கிராமத்தாரிடமும், ஆண்களைவிடப் பெண்களிடமும் இது மிகுதி. கல்விக் குறைவு, கவனியாத இரத்த அழுத்தம், சர்க்கரை நோய், செவித்திறன் குறைவு, தனிமை, உடலுழைப்பின்மை ஆகியவை இந்நோய்க்கு வழிகோலுவன என்று மருத்துவ அறிஞர் கூறுகின்றனர். மூலையில் தனித்து அமர்ந்திருக்கும் கைம்பெண்ணான நம் பாட்டியிடம் இவற்றுள் எத்தனை உள்ளன என்று எண்ணிப் பாருங்கள்.

முதியோரை வேலை வாங்குங்கள் என்று நாம் கூறவில்லை. அவர்கள் விரும்பிச் செய்வதைத் தடுக்காதீர்கள் என்கிறோம். செடிகளுக்கு நீர் ஊற்றட்டும். பேரப்பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்து வரட்டும். உலக சுகாதார நிறுவனம் வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பைப் பரிந்துரைக்கிறது. பேச முடியும், பாட முடியாது என்னும் வேகத்தில், நாளுக்கு அரைமணி வீதம் ஐந்து நாள் நடந்தால் போதும். பத்துப் பத்து நிமிடமாகவும் நடக்கலாம். முழங்கால் வலியுள்ளவர் நாற்காலியைப் பற்றி எழுந்து அமர்ந்து பழகலாம். மழைக்காலச் சரிவுகளில் வழுக்காத காலணி தேவை. மார்புவலி, மயக்கம் உள்ளவர் மருத்துவரைக் கேட்ட பின்னரே தொடங்க வேண்டும்.

மற்றொன்று: சாவியை எங்கோ வைத்துவிட்டுத் தேடுவது இயல்பு. பழகிய தெருவில் வழி தவறுவதோ, நெடுநாள் சமைத்த குழம்பின் பக்குவம் மறப்பதோ இயல்பன்று. 'வயதானால் அப்படித்தான்' என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

வருகிற ஞாயிறு திருப்பலிக்குப் புறப்படுகையில், வீட்டில் நடக்க இயலும் முதியவர் இருப்பின், வண்டியை விடுத்து அவரோடு நடந்து வாருங்கள். சற்று முன்னதாகக் கிளம்ப வேண்டியிருக்கும். வழியில் அவர் சொல்லும் பழைய கதைகளையும் பொறுமையோடு கேளுங்கள்.