ரீஃபண்ட்ல பங்கு கேட்கிறவரும் ஃபீஸ் கேட்கிறவரும்



போன வருஷம் ஜூலை மாசம் எனக்கு ஒரு வாட்ஸ்அப் மெசேஜ் வந்தது. மூணு வருஷமா என்கிட்ட ஐடிஆர் போட்டுட்டு இருந்த தம்பி, ரேடியல் ரோடு வழியா தினமும் ஓஎம்ஆர் போய் வேலை பார்க்கிறவர். "சாரி சார், இந்த வருஷம் வேற ஒருத்தர்கிட்ட பண்ணிக்கிறேன். அவர் முன்னாடி காசே கேக்கல. ரீஃபண்ட் வந்தா அதுல 20 பர்சன்ட் மட்டும் போதுமாம்." நான் கேக்கிறது 1,500 ரூபாய். ஆல் த பெஸ்ட்னு பதில் போட்டேன். அப்பவே போன் பண்ணிப் பேசியிருக்கணும், பண்ணல. கொஞ்சம் கோவம்தான் காரணம்.

இந்த தீபாவளிக்கு முன்னாடி அவரே ஆஃபீஸுக்கு வந்தார். கூட வேலை பார்க்கிற ஒருத்தருக்கு வருமான வரி நோட்டீஸ் வந்திருக்கு, அவருக்கும் இவருக்கும் ரிட்டர்ன் போட்டது ஒரே ஆள். போர்ட்டல்ல லாகின் பண்ணிப் பார்த்தோம். 2 லட்சம் ரூபாய் ஒரு அரசியல் கட்சிக்கு நன்கொடை கொடுத்ததா 80ஜிஜிசி-ல போட்டிருக்கு. அந்தக் கட்சி பேரையே தம்பி அன்னிக்குத்தான் கேள்விப்படறார். இன்னொரு 1 லட்சத்துக்கு எஜுகேஷன் லோன் வட்டி. அவர் லோன் வாங்கினதே இல்ல, அப்பா நிலத்தை வித்துப் படிக்க வெச்சவர்.

கணக்கு இதுதான். 3 லட்சம் பொய்க் கழிவு, 20 சதவீத ஸ்லாப், செஸ் சேர்த்து 62,400 ரூபாய் ரீஃபண்ட். அதுல ஏஜென்டுக்கு 12,480. என்னோட 1,500 ரூபாய் ஃபீஸ் அதிகம்னு போனவர், எட்டு மடங்கு ஃபீஸ் கொடுத்திருக்கார். ஆனா கையில வந்த காசுல இருந்து கொடுத்ததால வலி தெரியல.

இதை ஒருத்தரோட கதையா மட்டும் நான் சொல்லல. எங்க தொழிலோட இன்னிய மார்க்கெட் நிலவரமே இதுக்குள்ள இருக்கு. "சிஏ-க்கு எதுக்கு சார் காசு கொடுக்கணும், ஆப் இருக்கே"ன்னு வீடியோ கீழ அடிக்கடி கேக்கறீங்க. அதுக்கும் சேர்த்து இங்கயே பதில் சொல்லிடறேன்.

முதல்ல உங்க பக்கம் இருக்கிற நியாயம். சம்பளமும் பேங்க் வட்டியும் மட்டும்தான் வருமானம்னா உங்களுக்கு சிஏ தேவையில்ல. சத்தியமா. ஃபார்ம் 16, ஏஐஎஸ் ரெண்டையும் பக்கத்துல வெச்சுக்கிட்டு, அரசாங்க போர்ட்டல்லயே ஐடிஆர்-1 இலவசமா போடலாம். பாதிக்கு மேல ஏற்கெனவே நிரப்பி வெச்சிருப்பாங்க. 2024 ஜூலை 31 வரைக்கும் வந்த 7.28 கோடி ரிட்டர்ன்ல சுமார் 72 சதவீதம் புது வரி முறையில போட்டது. அந்த முறையில 80சி கிடையாது, ஹெச்ஆர்ஏ கிடையாது, கணக்கு போட என்ன இருக்கு? 2025-26 நிதியாண்டுல இருந்து சம்பளக்காரருக்கு 12.75 லட்சம் வரைக்கும் வரியே இல்ல. பத்து வருஷம் முன்னாடி எங்க மாதிரி சின்ன ஆஃபீஸ்களுக்கு ஜூலை மாசம்னா அறுவடை. அந்த வயல் சுருங்கிடுச்சு. அதுல எனக்கு வருத்தம் இல்ல. ஃபார்ம் 16-ஐப் பார்த்து டைப் பண்ணி காசு வாங்கினது ரொம்ப நாள் ஓடாதுன்னு எங்களுக்கே தெரியும். எங்க தப்பும் இருக்கு. கடைசி வாரத்துல போன் எடுக்க மாட்டோம், என்ன போட்டோம்னு விளக்கிச் சொல்ல மாட்டோம். ஆப் குறைஞ்சது பதிலாவது சொல்லுது.

அதனால ஆப் எனக்குப் போட்டி இல்ல. எனக்கு நிஜமான போட்டி, ரீஃபண்ட்ல பங்கு கேக்கிற அந்த ஆள்.

ஏன்னு சொல்றேன். எங்க பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தையில பழைய மிக்ஸி வாங்கினாக்கூட, ஸ்விட்ச் போட்டு ஓட்டிப் பார்த்துத்தான் வாங்குவீங்க. ஐடிஆர்-ஐ அப்படி ஓட்டிப் பார்க்க முடியாது. சரியா போட்டிருக்கா, தப்பா போட்டிருக்கான்னு தெரிய ஒன்றரை வருஷம் ஆகலாம், மூணு வருஷம்கூட ஆகலாம். அதனால உங்க கண்ணுக்குத் தெரியற ஒரே அளவுகோல் ரீஃபண்ட். அதிகமா ரீஃபண்ட் வந்தா நல்ல ஆடிட்டர், கம்மியா வந்தா சுமாரான ஆடிட்டர். இந்த அளவுகோல்ல நேர்மையா வேலை பார்க்கிறவர் எப்பவுமே தோத்துட்டுதான் இருப்பார்.

"ரீஃபண்டே வந்துடுச்சே, அப்போ டிபார்ட்மென்ட் ஒத்துக்கிட்டாங்கதானே?" தம்பியும் இதைத்தான் கேட்டார். இல்ல. பெங்களூரு சிபிசி-ல முதல்ல நடக்கிறது கூட்டல் கழித்தல் சரிபார்ப்பு மாதிரிதான். நீங்க சொன்னதை நம்பி பணத்தை அனுப்பிடுவாங்க. நன்கொடை ரசீது எங்கேன்னு கேக்கறது அப்புறம். மதிப்பீட்டு ஆண்டு முடிஞ்சு மூணு வருஷம் வரைக்கும் பழைய ஃபைலைத் திறக்கலாம், பெரிய தொகைன்னா அதுக்கு மேலயும். ஏஜென்டோட பங்கு அவர் கைக்குப் போறதுக்கும், கேள்வி உங்க வீட்டுக்கு வர்றதுக்கும் நடுவுல இருக்கிற இந்த இடைவெளிதான் அவரோட மொத்த பிசினஸ்.

2025 ஜூலை 14-ம் தேதி வருமான வரித் துறை நாடு முழுக்க சுமார் 150 இடங்கள்ல சோதனை போட்டது ஞாபகம் இருக்கா? பொய்யான கழிவு காட்டி ரீஃபண்ட் வாங்கித் தர்ற இடைத்தரகர்களைக் குறிவெச்சு. அந்த அறிவிப்புல போலி கிளெய்ம் பிடிபட்ட மாநிலங்கள்ல தமிழ்நாடு பேரும் இருக்கு. அதுக்கு முந்தின நாலு மாசத்துல மட்டும் சுமார் 40,000 பேர் தாங்களாவே ரிட்டர்னைத் திருத்தி, 1,045 கோடி ரூபாய் பொய் கிளெய்மைத் திரும்ப வாங்கியிருக்காங்க. மாட்டினது யார்னு பார்த்தா பன்னாட்டு நிறுவனம், பொதுத்துறை, அரசு ஊழியர், கல்வி நிறுவனம்னு நிறைய பேர் சம்பளக்காரங்க. உங்களையும் என் கிளையன்ட்டையும் போல.

அதே அறிவிப்புல இன்னொரு விஷயம் சொல்லியிருந்தாங்க. மொத்தமா ரிட்டர்ன் போடறதுக்குன்னே தற்காலிக ஈமெயில் ஐடி உருவாக்கி, வேலை முடிஞ்சதும் கைவிட்டுடறாங்களாம். நோட்டீஸ் எல்லாம் யாரும் திறக்காத அந்த மெயில்ல போய்க் கிடக்கும். எங்க தம்பி விஷயத்துலயும் அதேதான். அவர் ப்ரொஃபைல்ல இருந்த மெயில் ஐடி அவரோடது இல்ல.

அந்த நன்கொடை விஷயத்தையும் கொஞ்சம் சொல்லணும். பதிவு மட்டும் பண்ணிட்டு ஆறு வருஷமா எந்தத் தேர்தல்லயும் நிக்காத கட்சிகளை, 2025 ஆகஸ்ட்ல 334, செப்டம்பர்ல 474-னு தேர்தல் ஆணையம் பட்டியல்ல இருந்து நீக்கியிருக்கு. நீக்கின எல்லாக் கட்சியும் இந்த வேலை பண்ணிச்சுன்னு நான் சொல்லல. ஆனா நீங்க 2 லட்சம் தூக்கிக் கொடுத்ததா காட்டியிருக்கிற கட்சி ஒரு வார்டு தேர்தல்லகூட நின்னதில்லைன்னா, கேள்வி கேக்கிற அதிகாரிக்கு என்ன தோணும்?

சரி, நாங்க ஏன் இந்த மாதிரி பர்சன்ட் கணக்குல வேலை பண்றதில்ல? நல்லவங்கங்கிறதால மட்டும் இல்ல, எங்களுக்குச் சட்டத்துலயே தடை இருக்கு. சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட்ஸ் சட்டம், 1949-ன் முதல் அட்டவணைப்படி, சில விதிவிலக்கு தவிர, விளைவைப் பொறுத்து ஃபீஸ், லாபத்துல சதவீதம்னு வாங்கறது தொழில் ஒழுங்கீனம். "வாங்க, எங்ககிட்ட வாங்க"ன்னு கிளையன்ட்டைக் கூவி அழைக்கிறதும் அப்படித்தான். இந்தச் சேனல்ல என் ஆஃபீஸ் பேரையோ நம்பரையோ போடாததுக்கும் அதுதான் காரணம், கமெண்ட்ல கேட்டுக்கிட்டே இருக்கீங்க. ஏஜென்டுக்கு இந்த எந்தத் தடையும் இல்ல. பரீட்சை எழுத வேண்டாம், மெம்பர்ஷிப் போயிடும்னு பயம் இல்ல, வாட்ஸ்அப் குரூப்ல "62 ஆயிரம் வாங்கித் தந்தேன்"னு ஸ்கிரீன்ஷாட் போட்டா போதும்.

பர்சன்ட் ஃபீஸ் கூடாதுங்கிறது வெறும் சம்பிரதாயம் இல்ல. ஃபீஸ் 1,500-னு முடிவாயிட்டா, உங்க வரி 10 ஆயிரம் ஆனாலும் 70 ஆயிரம் ஆனாலும் எனக்கு ஒண்ணுதான். உள்ளதை உள்ளபடி போடறதுல எனக்கு நஷ்டம் இல்ல. 20 சதவீதம்னு பேசின ஆளுக்கு நீங்க கட்டற ஒவ்வொரு நியாயமான ரூபாயும் நஷ்டம்.

எங்க தொழிலுக்கு இன்னொரு அடியும் இருக்கு, அது உங்களையும் பாதிக்கும். ஆள் கிடைக்கல. அமெரிக்காவுல அக்கவுன்டன்ட் பற்றாக்குறை, அந்த வேலையில நிறைய சென்னைக்கு வருது. என்கிட்ட ஆர்ட்டிகிள்ஷிப் முடிச்ச பையன் இப்போ கிண்டியில உக்காந்து அமெரிக்கக்காரரோட 1040 ஃபார்ம் போடறான். ஏப்ரல் 15 அவங்க கெடு, அந்த வாரம் அவனுக்குத் தூக்கம் இல்ல. ஆனா நான் கொடுக்கக்கூடிய சம்பளத்தைவிட ரெண்டு மடங்குக்கு மேல வாங்கறான், போகாதேன்னு எப்படிச் சொல்வேன்? ஜிஎஸ்டி ரோடு ஓரமா மாடியில சின்னதா ஆஃபீஸ் வெச்சிருக்கிற எங்களுக்கு ஆளும் இல்ல, விளம்பரமும் இல்ல. (ஜிஎஸ்டி வரி வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே எங்க ஊர்ல ஜிஎஸ்டி இருக்குன்னு கிளையன்ட்கிட்ட ஜோக் அடிப்போம். இப்போ அந்த ஜோக்குக்கும் யாரும் சிரிக்கிறதில்ல.) இப்படியே போனா சின்ன ஆஃபீஸ்கள் சம்பளக்காரங்க வேலையையே விட்டுட்டு கம்பெனி ஆடிட், ஜிஎஸ்டின்னு போயிடும். நிறைய பேர் போயிட்டாங்க. அந்தக் காலி இடத்துக்கு யார் வருவாங்கன்னு நினைக்கிறீங்க?

உங்களுக்கு நிஜமா ஆள் தேவைப்படற இடங்கள் இருக்கு. அமெரிக்க கம்பெனி ஷேர் ஆர்எஸ்யு-வா வந்திருந்தா வெளிநாட்டுச் சொத்து ஷெட்யூல் நிரப்பணும், அதுவும் காலண்டர் வருஷக் கணக்குல. எஃப் அண்ட் ஓ பண்ணியிருந்தா நஷ்டமே ஆனாலும் அது பிசினஸ் வருமானம், ஐடிஆர்-3. அப்பாவோட மனையை வித்தது, வருஷ நடுவுல ரெண்டு கம்பெனி மாறினது, இதெல்லாம் உக்காந்து பேச வேண்டிய விஷயம். அங்கே ஃபீஸ் கொடுங்க, பேரம்கூட பேசுங்க. ஆனா ஒரே தொகையா பேசுங்க. என்ன போட்டிருக்கார்னு சப்மிட் பண்றதுக்கு முன்னாடி ஒரு பிரிவு விடாம காட்டச் சொல்லுங்க. இந்த வருஷ ஃபார்ம்ல பாலிசி நம்பர், லோன் அக்கவுன்ட் நம்பர் வரைக்கும் கேக்கறாங்க, அதனால உங்களைக் கேக்காம ஒருத்தர் ஃபார்மை முடிச்சுட்டார்னாலே சந்தேகப்படுங்க.

தம்பி விஷயத்துக்கு வர்றேன். நல்லவேளை, அவருக்கு நோட்டீஸ் எதுவும் போட்டிருக்கல. உடனே அப்டேட்டட் ரிட்டர்ன் போட்டோம். 62,400 வரி, அதுக்கு வட்டி, ரெண்டும் சேர்ந்ததுக்கு மேல 25 சதவீதம் கூடுதல், எல்லாம் சேர்த்து 90 ஆயிரத்துக்கு மேல கட்டினார். அடுத்த மார்ச் 31 தாண்டியிருந்தா அந்த 25 சதவீதம் 50 ஆகியிருக்கும். துறையே முதல்ல பிடிச்சிருந்தா வருமானத்தைத் தவறாகக் காட்டினதுக்கு வரியைப் போல ரெண்டு மடங்கு அபராதம், அதாவது வரி, வட்டிக்கு மேல 1,24,800 ரூபாய்.

ஏஜென்டுக்குக் கொடுத்த 12,480 திரும்பக் கிடைக்குமான்னு கேட்டார். ரெண்டு பேரும் அந்த நம்பருக்குப் போட்டுப் பார்த்தோம், ஸ்விட்ச்டு ஆஃப்.

அவர் டீம்ல மட்டும் ஒன்பது பேர் அதே ஆள்கிட்ட போட்டிருக்காங்களாம். இதுவரைக்கும் மூணு பேர் வந்திருக்காங்க. மத்தவங்க, ரீஃபண்ட் வந்துடுச்சே, நமக்கு எதுவும் வராதுன்னு இருக்காங்க. நீங்களும் யார்கிட்டயாவது இப்படிப் போட்டிருந்தா இன்னிக்கு ராத்திரியே போர்ட்டல்ல லாகின் பண்ணி மை ப்ரொஃபைல்ல இருக்கிற மெயில் ஐடியும் மொபைல் நம்பரும் உங்களோடதுதானான்னு பாருங்க. இல்லைன்னா முதல்ல அதை மாத்துங்க. அப்புறம் பழைய ரிட்டர்னை டவுன்லோட் பண்ணி, 80-ல ஆரம்பிக்கிற ஒவ்வொரு வரியையும் படிங்க.