பாப்பாவுக்கு எழுதிய பாட்டு

அமெரிக்கப் பாடகி ஏமி கிராண்ட், பள்ளியில் படிக்கும்போதே கிறிஸ்தவப் பாடல் ஆல்பம் தந்தவர். சர்ச் இளைஞர்களுக்குச் செல்லக்குரல். 1991-ல் 'ஹார்ட் இன் மோஷன்' ஆல்பம் வந்தது. அதில் ஹிட்டான 'பேபி பேபி', பிறந்து ஆறே வாரமான மகளின் முகத்தைப் பார்த்து அவர் எழுதிய பாட்டு. வீடியோவிலோ ஓர் இளைஞரோடு கொஞ்சிச் சிரித்தார். வந்தது வம்பு! பக்தியை விட்டுக் காதல் பாட்டுக்குப் போய்விட்டதாகப் பழைய ரசிகர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். (வீடியோவைப் பார்த்தால் வேறென்ன தோன்றும், பாவம்!) பாட்டு பில்போர்டில் முதலிடம் பிடித்தது. ஆல்பம் அமெரிக்காவில் மட்டும் 50 லட்சம் பிரதிகள் போனது. கோபித்தவர்கள் கேசட்டைக் கடைசிவரை ஓடவிட்டிருக்கலாம். நிறைவுப் பாட்டான 'ஹோப் செட் ஹை', இயேசுவின் மேல் வைத்த நம்பிக்கையைத்தான் சொல்கிறது.