மிளகாயின்மேல் போட்ட பழி



மும்பையில் வடாபாவ் வாங்கினால் உப்புத் தூவிப் பொரித்த பச்சை மிளகாய் ஒன்றையும் சேர்த்துக் கொடுப்பார்கள். அவசரமாய் வேலைக்கு ஓடும் நம் சகோதரர் பலருக்கு அதுவே காலை ஆகாரம். பிற்பாடு வயிறு எரிந்தால், உடனே மிளகாயின்மேல் பழிபோடுகிறோம். நானும் அப்படியே செய்தேன். அதனால் ஒரு சகோதரரின் உயிருக்கே ஆபத்து நேரிட இருந்தது.

அவர் நெல்லைச் சீமையிலிருந்து பிழைக்க வந்தவர். கிடங்கு ஒன்றில் மூட்டை தூக்கிவந்தார். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆராதனைக்குப் பின், "பாஸ்டர், வயிறு நெருப்பாய் எரிகிறது, ஜெபியுங்கள்" என்றார். நான் ஜெபித்துவிட்டு, "தம்பி, மிளகாயை விட்டுவிடுங்கள்" என்று ஆலோசனை சொன்னேன். அவரும் கீழ்ப்படிந்து ஆறு மாதம் மிளகாயைத் தொடவில்லை. எரிச்சலோ நீங்கவில்லை. ஒருநாள் மலம் தார்போலக் கறுத்துப் போகிறது என்றார். அதன் பொருள் எனக்கு விளங்கவில்லை. அன்றிரவே அவர் இரத்த வாந்தி எடுத்தார்.

மருத்துவமனையில் மருத்துவர் முதலாவது கேட்ட கேள்வி, "என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?" என்பதே. நான் ஒருநாளும் கேளாத கேள்வி அது. முதுகுவலிக்காக மருந்துக்கடையில் தாமே வாங்கி, நாள்தோறும் இரண்டு வலி மாத்திரைகளை அவர் விழுங்கி வந்திருக்கிறார். உபவாச நாட்களிலும் நிறுத்தவில்லை. இரைப்பையில் புண், அதோடு ஒரு கிருமியும் இருந்தது.

ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் அக்கிருமியை ஆஸ்திரேலிய மருத்துவர்களான பாரி மார்ஷலும் ராபின் வாரனும் கண்டறிந்தார்கள். மார்ஷல் 1984இல் அக்கிருமி கலந்த திரவத்தைத் தாமே குடித்து, அதனால் இரைப்பை அழற்சி உண்டாவதைக் காட்டினார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. குடற்புண்ணுக்குப் பெரும்பாலும் காரணம் இக்கிருமியும் வலி மாத்திரைகளுமே; மிளகாய் அன்று.

அப்படியானால் மிளகாய் ஏன் எரிகிறது? அதிலுள்ள கேப்சைசின் என்னும் பொருள், சூட்டை உணரும் நரம்புகளைத் தூண்டிவிடுகிறது. தீ இல்லாமலே தீப்பட்டதாக நாவு உணர்கிறது. 1997இல் இந்த உணர்வு வாயிலை அடையாளங்கண்ட டேவிட் ஜூலியஸ் 2021இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். கேப்சைசின் தண்ணீரில் எளிதில் கரையாது. ஆகவே காரம் ஏறினால் தண்ணீரைவிடப் பாலும் தயிருமே பயன்தரும்.

பச்சை மிளகாயில் வைட்டமின் சி மிகுதி. சீனாவில் சுமார் 4,87,000 பேரைப் பல ஆண்டுகள் கவனித்து 2015இல் ஓர் ஆய்வு வெளியானது. வாரத்தில் ஆறேழு நாள் கார உணவு உண்டவர்களுக்கு, வாரம் ஒருமுறைகூட உண்ணாதவர்களைவிட மரண அபாயம் 14 சதவீதம் குறைவாயிருந்தது. ஆனாலும் காரமே அதற்குக் காரணமென்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. இதை வைத்துக்கொண்டு மிளகாயை அள்ளித் தின்ன வேண்டாம்.

மிளகாயால் தொல்லைப்படுவோரும் உண்டு. நெஞ்செரிச்சல், மூலம், ஆசனவாய் வெடிப்பு உள்ளவர்களுக்குக் காரம் வேதனையைக் கூட்டும். இரவில் காரமாய் உண்டு உடனே படுப்பதும் நல்லதன்று. ஊறுகாயில் காரத்தோடு உப்பும் மிகுதி என்பதை இரத்தக் கொதிப்புள்ளவர்கள் மறவாதிருங்கள்.

பிரியமானவர்களே, மருத்துவர் சொல்லாமல் வலி மாத்திரைகளை நாள்தோறும் விழுங்காதீர்கள். மருந்து உட்கொள்வோர் உபவாசிக்குமுன் மருத்துவரிடம் கேளுங்கள். மலம் தார்போலக் கறுத்தாலோ, இரத்த வாந்தி வந்தாலோ ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாது. காரணமின்றி எடை குறைந்தாலும், விழுங்கக் கடினமானாலும் நாள் கடத்தாமல் மருத்துவரைக் காணுங்கள். ஜெபிப்பதற்கு மருத்துவமனைக்குப் போகும் வழியிலும் இடமுண்டு. பவுலோடுகூட லூக்கா என்னும் வைத்தியன் இருந்தானே!

அந்தச் சகோதரர் கர்த்தருடைய கிருபையால் பிழைத்தார். வலி மாத்திரைகளை நிறுத்தி, 14 நாள் கிருமிக்கொல்லி மருந்தும், தொடர்ந்து அமிலத்தைக் குறைக்கும் மருந்தும் உட்கொண்டு குணமானார். இன்று வடாபாவோடு மிளகாயையும் கடித்து உண்கிறார். அவரைக் காணும்போதெல்லாம் என் அறியாமை என் நினைவுக்கு வருகிறது.

உங்கள் போதகரிடம் வயிற்றுவலிக்கு ஜெபிக்கச் சொல்லும்போது, நீங்கள் சாப்பிடும் மாத்திரைகளையும் சொல்லுங்கள். அவர் கேட்க மறந்தாலும் நீங்கள் சொல்ல மறவாதிருங்கள்.