இன்டர்கூலர்: பெரிசா வேணுமா, சரியா வேணுமா?

டர்போ கார் வச்சிருக்கற நம்ம வீட்டுப் பசங்க கையில கொஞ்சம் காசு சேர்ந்தா, "இன்டர்கூலர் மாத்தணும்"னு ஆரம்பிச்சுடறாங்க. என் அக்கா பையனும் அதே ரகம் தான். செக்டர் ஃபைவ்ல வேலை, செகண்ட் ஹேண்ட்ல வாங்கின ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் 230. "மாமா, பர்சனல் லோன் போட்டா மாசம் எவ்வளவு வரும்?"னு என்கிட்ட கேட்டப்போ தான் நான் இந்த சமாச்சாரத்துக்குள்ள தலையை விட்டேன். பி.காம் படிச்சுட்டு இருபது வருஷமா லோன் பேப்பர் பாக்கறவனுக்கு இன்ஜினைப் பத்தி என்ன தெரியும்னு கேக்காதீங்க. கடைசியில இதுவும் ஒரு வரவு செலவுக் கணக்கு தான் :-)

முதல்ல என் கருத்தைச் சொல்லிடறேன். விக்கறவர் சொல்ற குதிரைசக்தியைப் பாத்து இன்டர்கூலர் வாங்காதீங்க. எவ்வளவு சூட்டை இறக்கும், அதுக்கு எவ்வளவு அழுத்தத்தைத் தின்னும், நீங்க ஓட்டற ரோட்டுல அது வேலை செய்யுமா. இந்த மூணுக்கும் பதில் இல்லாட்டி காசை எடுக்காதீங்க.

சைக்கிள் பம்ப்ல வேகமா காத்தடிச்சா அடிப்பக்கம் சுடும் இல்லையா, டர்போவும் அதே கதை தான். காத்தை அமுக்கினா சூடாகும். சூடான காத்துல அடர்த்தி கம்மி, பெட்ரோல் எரிய வேண்டிய ஆக்சிஜனும் கம்மி. அதோட நாக்கிங் வரும்னு இன்ஜினோட கம்ப்யூட்டர் பயந்து, இக்னிஷனைத் தள்ளிப்போட்டு சக்தியைக் குறைச்சுடும். டர்போவுக்கும் இன்ஜினுக்கும் நடுவுல நின்னு அந்தக் காத்தை ஆத்தி அனுப்பறது தான் இன்டர்கூலர். காபி ஆத்தற வேலை!

இப்போ கணக்கு. கொல்கத்தா மே மாசம், வெளியில 35 டிகிரி. டர்போ 1 பார் பூஸ்ட் குடுக்குது, கம்ப்ரஸரோட திறன் 70 சதவீதம்னு வச்சுக்குவோம். காத்து கிட்டத்தட்ட 130 டிகிரிக்கு ஏறிடும். ஏறின சூட்டுல 60 சதவீதத்தை பழைய இன்டர்கூலர் இறக்கினா, இன்ஜினுக்குப் போறது 73 டிகிரி. புதுசு 80 சதவீதம் இறக்கினா 54 டிகிரி. அடர்த்தியில சுமார் 6 சதவீதம் லாபம். ஆஹா!

ஆனா இது மொத்த லாபம், நிகர லாபம் இல்லை. பெரிய கோர் வழியா காத்து நுழைஞ்சு வர்றதுல அழுத்தம் குறையும். பழசுல 0.07 பார் போச்சு, மோசமா வடிவமைச்ச புதுசுல 0.15 பார் போகுதுன்னா, 2 பார் மொத்த அழுத்தத்துல கூடுதல் நஷ்டம் 4 சதவீதம். கையில மிஞ்சறது 2 தான். அந்தக் குறையை ஈடுகட்ட டர்போ இன்னும் வேகமா சுத்தும், அதனால இன்னும் சூடு. வட்டிக்கு வட்டி மாதிரி. அதனால "எத்தனை அங்குல கோர்?"னு கேக்கறதை விட "அழுத்த இழப்பு எவ்வளவு, எந்தக் காத்தோட்டத்துல அளந்தது?"னு கேக்கறது தான் சரி. நல்ல கம்பெனின்னா பதில் வச்சிருப்பான்.

அடுத்தது, அது எங்க உக்காருதுங்கற விஷயம். ஆக்டேவியா ஆர்எஸ் 230ல முன்னாடி ஏசி கண்டென்சர், நடுவுல இன்டர்கூலர், பின்னாடி ரேடியேட்டர். அதாவது கண்டென்சர் சுட வச்சு அனுப்பற காத்து தான் இன்டர்கூலருக்கே கிடைக்கும். மே மாசம் ராஷ்பிஹாரி சிக்னல்ல ஏசி இல்லாம யாராவது உக்காருவாங்களா? நடுவுல இருக்கறதைத் தடிமனாக்கினா பின்னாடி ரேடியேட்டருக்குப் போற காத்தும் குறையும். ஃபோக்ஸ்வேகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ கதை வேற. அதுல தண்ணியால குளிர்ற இன்டர்கூலர் இன்டேக் மேனிஃபோல்டுக்குள்ளயே இருக்கு. "முன்னாடி பெரிசா ஒண்ணு மாட்டிடலாம்"னு யாராவது சொன்னா, மொத்தக் குழாய் அமைப்பையும் மாத்தப் போறான்னு அர்த்தம்.

கோர்ல ரெண்டு வகை. பார் அண்ட் பிளேட் கனமானது, கல் பட்டா தாங்கும், நிறைய உலோகம் இருக்கறதால திடீர்னு வர்ற சூட்டை உள்வாங்கிக்கும். ஆனா ட்ராஃபிக்ல ஒரு தடவை சூடேறிட்டா ஆறவும் நேரமாகும். ட்யூப் அண்ட் ஃபின் இலேசானது, வெளிக்காத்து சுலபமா ஊடுருவும், சீக்கிரம் ஆறும், ஆனா அடி தாங்காது. ரேஸ் ட்ராக்ல சுத்துக்கு மேல சுத்து ஓட்டறவனுக்கு முதல் வகை. கரியாஹாட்டுக்கும் டாலிகஞ்சுக்கும் நடுவுல ஊர்ந்து போறவனுக்கு எதுவுமே பெரிசா உதவாது. முகத்துல காத்தே படலைன்னா எந்த இன்டர்கூலரும் வெறும் அலுமினியப் பெட்டி தான்.

சென்னைக்கு நெடுஞ்சாலையில போறப்போ? சீரான வேகத்துல பூஸ்ட் கம்மி, காத்து நிறைய. கம்பெனி குடுத்ததே போதும். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையிலயோ, கோவை கரி ஸ்பீட்வேயிலயோ ட்ராக் டே போறவங்களுக்கும், ட்யூன் பண்ணி பூஸ்ட்டை ஏத்தினவங்களுக்கும் தான் இந்தச் செலவு நியாயம்.

அப்படியும் வாங்கறதா இருந்தா, மல்லிக் பஜார்ல மலிவா கிடைக்குதுன்னு கண்ணை மூடிட்டு எடுக்காதீங்க. எண்ட் டேங்க் வெல்டிங்கைப் பாருங்க, உள்ளே உலோகத்தூள் இருக்கான்னு ஊதிப் பாருங்க. "தாதா, ப்ரெஷர் டெஸ்ட் பண்ணிக் காட்டுங்க"ன்னு கேளுங்க. பங்க்சர் கடையில ட்யூபைத் தொட்டித் தண்ணியில முக்கற மாதிரி தான், முட்டை வந்தா ஓட்டை.

கடைசியா, நம்ம மாதிரி அப்பா, அம்மா, மாமாக்களுக்கு. 2019ல வந்த மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்துல, விதிக்குப் புறம்பான ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்லாட்டி ஆறு மாசம் வரை சிறை, ரெண்டும் சேர்ந்தும் வரலாம். இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லாம செஞ்ச மாற்றம் க்ளெய்ம் நேரத்துல பூதமா கிளம்பும். வாரன்ட்டியும் அப்படித்தான். ஆனா இதையெல்லாம் சொல்லி "கூடவே கூடாது"ன்னு கத்தினா என்ன ஆகும்? ஊரை விட்டு இவ்வளவு தூரத்துல தனியா சம்பாதிக்கற பையன் நம்மகிட்ட சொல்லாம மாட்டிக்குவான். ஏதாவது ஆனப்புறம் தான் நமக்குத் தெரியும். திட்டறதை விட அவனோட உக்காந்து கணக்குப் போடறது மேல்.

அக்கா பையனுக்கு நான் சொன்னது இது தான். லோன் அப்புறம். சில நூறு ரூபாய்க்கு ஓபிடி கருவி வாங்கி, ஒரு மாசம் வழக்கமா ஓட்டறப்போ இன்டேக் வெப்பநிலையையும் வெளி வெப்பநிலையையும் குறிச்சு வை. ஓடற வண்டியில வித்தியாசம் 20 டிகிரிக்குள்ள நின்னா பழசே போதும். ஹோஸ் க்ளாம்ப் இறுக்கமா இருக்கான்னு பாரு, ஃபின்ல அடைச்ச தூசியைக் கழுவு. அதுக்கு மேல போகுதுன்னா, ட்ராக் ஆசையும் இருக்குன்னா, சட்டம், இன்சூரன்ஸ் ரெண்டையும் விசாரிச்சுட்டு, சேமிச்ச காசுல வாங்கு. கடன்ல வேண்டாம்.

நோட்டுப் போட்டு எழுத ஆரம்பிச்சிருக்கான். கணக்கு எந்தப் பக்கம் வந்தாலும் எனக்குச் சம்மதம்.