ஹோல்டனுக்கும் நமக்கும் என்ன உறவு?

"இவனோடு எனக்கு ஒட்டவில்லை." ஜே. டி. சாலிஞ்சரின் 'தி கேட்சர் இன் தி ரை' என்னும் ஆங்கில நாவலைப் படித்த நம் நண்பர் பலரும் கூறும் தீர்ப்பு இது. விடுதி உணவுக்கூடத்தில் பேச்செழுந்தால், சோறு ஆறுமுன்னே வழக்கு முடிந்துவிடுகிறது. அவன் நியூயார்க் வழக்கறிஞர் ஒருவரின் மகன். பணத்திற்குக் குறைவில்லை. பள்ளிக்குப் பள்ளி மாறுகிறான். கண்ணில் பட்டவரையெல்லாம் போலி என்கிறான். ஒரே ஒரு நுழைவுத் தேர்வை நம்பி, இரண்டு இரவு இரயிலில் வந்து, புரியாத மொழிக்கு நடுவே படிக்கும் நமக்கும் இவனுக்கும் என்ன உறவு என்று கேட்கிறார்கள்.

கேட்க வேண்டிய கேள்விதான். ஐந்து பாடங்களில் நான்கில் தோற்று, பள்ளியிலிருந்து நீக்கப்பட்டு, வீட்டிற்குப் போக அஞ்சி, கிறிஸ்துமசுக்கு முந்தைய சில நாட்களை நியூயார்க்கில் அலைந்து கழிக்கிறான் பதினாறு வயது ஹோல்டன். விடுதி அறைக்கும் வாடகைக் காருக்கும் தாராளமாகச் செலவிடுகிறான். நான்கு பாடங்களில் தோற்றவன் நம் ஊர்ப் பேருந்து நிலையத்தில் இறங்கினால் கதை வேறாக இருக்கும். இதை நான் மறுக்கவில்லை.

ஆயினும், நாவலுக்குள்ளேயே இப்படித் தீர்ப்புச் சொல்லும் வாசகன் ஒருவன் இருக்கிறான் என்பதை நண்பர்கள் கவனித்தார்களா? அவன் பெயர் ஸ்ட்ராட்லேட்டர், ஹோல்டனின் அறைத்தோழன். தனக்காக ஒரு கட்டுரை எழுதித் தரும்படி அவன் ஹோல்டனைக் கேட்கிறான். ஓர் அறையையோ வீட்டையோ வருணித்தால் போதும். ஹோல்டனோ, இறந்துபோன தம்பி ஆலியின் பேஸ்பால் கையுறையைப் பற்றி எழுதுகிறான். ஆட்டத்தின் நடுவே சும்மா நிற்கும்போது படிப்பதற்காக அந்தச் சிறுவன் கையுறை முழுவதும் பச்சை மையால் கவிதைகளை எழுதி வைத்திருந்தான். இரத்தப் புற்றுநோயால் அவன் இறந்தது 1946 ஜூலையில். அன்றிரவு பதின்மூன்று வயது ஹோல்டன் கார்க் கொட்டகையின் கண்ணாடிகளையெல்லாம் வெறுங்கையால் குத்தி உடைத்தான். கட்டுரையைப் படித்த ஸ்ட்ராட்லேட்டர் என்ன சொன்னான்? கேட்டது வேறு, எழுதியது வேறு என்று சினந்தான். ஹோல்டன் தாளை வாங்கிக் கிழித்துப் போட்டான்.

உள்ளத்தில் இருந்ததை அவன் எழுத்தில் வைத்தது அந்த ஒரு முறைதான். கிடைத்த மறுமொழி, தலைப்புக்குப் பொருந்தவில்லை என்பது. "எனக்கு ஒட்டவில்லை" என்று புத்தகத்தை மூடுகிறவர், ஸ்ட்ராட்லேட்டருக்கு எவ்வளவு அருகில் நிற்கிறார் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். கதை சொல்பவன் நம்மைப் போல இருக்கிறானா என்பதையே தேடிக்கொண்டிருந்தால், அவன் என்ன சொல்கிறான் என்பது காதில் விழாது.

காதில் விழ வேண்டியது நிறைய இருக்கிறது. ஹோல்டன் முன்பு படித்த பள்ளியில் ஜேம்ஸ் கேசில் என்றொரு மாணவன். சக மாணவன் ஒருவனைப் பற்றித் தான் சொன்ன சொல்லைத் திரும்பப் பெற மாட்டேன் என்கிறான். கும்பலாக வந்து துன்புறுத்துகிறார்கள். ஜன்னல் வழியே குதித்து இறந்துவிடுகிறான். அப்போது அவன் போட்டிருந்தது ஹோல்டனிடம் இரவல் வாங்கிய ஸ்வெட்டர். துன்புறுத்தியவர்களுக்குக் கிடைத்த தண்டனை பள்ளியிலிருந்து நீக்கம், அவ்வளவுதான். நான்கு பாடங்களில் தோற்ற ஹோல்டனுக்கும் பின்னாளில் அதே தண்டனைதான்! இரண்டையும் ஒரே தராசில் வைத்த உலகத்தைப் பார்த்து ஒரு சிறுவன் "எல்லாம் போலி" என்றால், அதை வெறும் வாய்க்கொழுப்பு என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

நியூயார்க்கில் இறங்கியதும் அவன் நிலையத்துத் தொலைபேசிக் கூண்டுக்குள் நுழைகிறான். யாரை அழைக்கலாம் என்று ஒவ்வொரு பெயராக நினைக்கிறான். ஒவ்வொருவரையும் விட்டுவிட ஒரு காரணம் கிடைக்கிறது. இருபது நிமிடம் கழித்து, ஒருவரையும் அழைக்காமலே வெளியே வருகிறான். அந்தக் கூண்டுகள் இன்று இல்லை. நம் ஒவ்வொருவர் பையிலும் தொலைபேசி இருக்கிறது. வந்த முதற்பருவத்தில், ஊரிலுள்ள பெயர்களை மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டு, 'அம்மா கவலைப்படுவாள்' என்று எடுத்த தொலைபேசியைக் கீழே வைக்காதவர் நம்முள் எத்தனை பேர்? இந்திய உயர்கல்வி விடுதிகளிலிருந்து ஆண்டுதோறும் வரும் துயரச் செய்திகளை நாம் படிக்கிறோம். "நன்றாகத்தானே சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான்" என்று அறைத்தோழர்கள் சொல்வதையும் கேட்கிறோம். ஹோல்டனும் சிரிக்கச் சிரிக்கத்தான் பேசுகிறான்.

நாவல் வெளிவந்த 1951-இல் சாலிஞ்சருக்கு வயது முப்பத்திரண்டு. 1944-இல் நார்மண்டிக் கரையில் இறங்கிய படைவீரர் அவர். போரைக் கண்டு மீண்ட ஒருவர் உருவாக்கிய சிறுவன் இவன் என்பதையும் நினைவில் வைத்துப் படிக்கலாம்.

அசோகமித்திரனின் 'பதினெட்டாவது அட்சக்கோடு' (1977) நாவலில் வரும் சந்திரசேகரன் நம்மவன், பிற மொழி ஊரில் வாழும் தமிழ் இளைஞன், அவனோடு உடனே ஒட்டுகிறது என்பார் சிலர். எனக்கும் அவனைப் பிடிக்கும். ஆனால் 1948-ஆம் ஆண்டுச் செகந்திராபாத்தின் அச்சம் நம்முள் யாருடைய அனுபவம்? மொழி ஒன்று என்பதால் வாசலில் நின்று செவி கொடுத்தோம், கொடுத்ததால் ஒட்டியது. அதே செவியை ஹோல்டனுக்குக் கொடுக்க என்ன தடை?

செவி கொடுப்பது என்றால் அவன் பக்கமே நிற்பது என்று பொருளில்லை. நம் சகோதரிகள் சிலர், அவன் பெண்களைப் பற்றிப் பேசும் முறை எரிச்சலூட்டுகிறது என்றார்கள். உண்மை. பனிச்சறுக்கு முடிந்து உட்கார்ந்திருக்கும்போது சாலி ஹேயஸ் என்னும் பெண்ணிடம், எல்லாவற்றையும் விட்டு மாசசூசெட்ஸ், வெர்மாண்ட் பக்கம் ஓடிவிடலாம் வா என்கிறான். கைப்பணம் தீர்ந்தால் என்ன செய்வாய் என்று அவள் கேட்கிறாள். பதில் சொல்ல வழியின்றி அவளை இழிவாகப் பேசி அழ வைக்கிறான். அந்த இடத்தில் நான் முழுக்கவும் சாலியின் கட்சி. அவள் வாயிலாக அந்த மாலைப் பொழுதை யாரேனும் ஒரு சிறுகதையாக எழுதித் தந்தால், அடுத்த இதழில் முதற்பக்கத்திலேயே இடம் ஒதுக்க வேண்டும் என்று ஆசிரியரை இப்போதே கேட்டுக்கொள்கிறேன்.