பூட்டின வீட்டுக்கு எதற்கு மலைக்காற்று?

ரிட்டயர்மென்ட் பணம் கைக்கு வந்ததும் நம்மில் பலருக்கு முதலில் வருவது பி.பி. இல்லை, ஷுகரும் இல்லை. 'மலை மேல ஒரு வீடு' என்கிற வியாதி!

"கோடைக்கு மலை, மத்த மாசம் சென்னை. ஜம்முனு இருக்கும் சார். ஏற்காடு டவுன்ல விலை எட்டலையா? வெள்ளக்கடை பக்கம் வாங்க, காட்டறேன்" என்பார் புரோக்கர். நீங்களும் பி.எஃப். பணத்தைத் தூக்கிக்கொண்டு கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிவிடுவீர்கள்.

ஒரு நிமிஷம் நில்லுங்கள்.

அமெரிக்காவின் வடக்கிலும் கனடாவிலும் உங்களை மாதிரியே ரிட்டயரானவர்கள் இருக்கிறார்கள். நாம் வெயிலுக்கு ஓடுகிறோம், அவர்கள் குளிருக்கு ஓடுகிறார்கள். அதில் சிலர் பனி கொட்டுவதற்கு முன்பே பாய்மரப் படகில் ஏறி, கரையோரமாகவே தெற்கே இறங்கி, ஃபுளோரிடாவிலோ பஹாமாஸிலோ நங்கூரம் போட்டுவிடுவார்கள். சமையல், தூக்கம், புருஷன் பொண்டாட்டி சண்டை எல்லாம் படகிலேயே. வசந்தம் வந்தால் வடக்கே திரும்பிவிடுவார்கள்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் இரண்டு. ஒன்று, படகுத் தொட்டியில் எவ்வளவு தண்ணீரோ அதை வைத்துத்தான் ஓட்ட வேண்டும். குழாயைத் திறந்துவிட்டுப் பாட்டுப் பாடிக்கொண்டே ஷேவ் பண்ண முடியாது. இரண்டு, கழிவு. ஃபுளோரிடா கீஸ் தீவுகளைச் சுற்றியுள்ள கடலில் 2002-லிருந்து படகின் கழிவறைக் கழிவைத் திறந்துவிடத் தடை. சுத்திகரித்திருந்தாலும் கூடாது! அங்கே மாரத்தான் என்ற ஊரில், நகராட்சிக்கு வாடகை கட்டி மிதவையில் படகைக் கட்டிக்கொள்கிறார்கள். கழிவை உறிஞ்சி எடுக்கத் தனிப் படகு வருகிறது.

அவர்களும் மகான்கள் இல்லை. ஓட்டைப் படகை அப்படியே விட்டுவிட்டுக் கம்பி நீட்டுகிறவர்களும் உண்டு. ஆனால், பெரும்பாலானவர்கள் கிளம்பும்போது வீடும் கூடவே கிளம்பிவிடுகிறது. அந்த ஊர்க்காரனின் நிலம் அந்த ஊர்க்காரனுக்கே மிச்சம்.

உங்கள் வீடு கிளம்புமா சார்?

பி.காம். படித்த புத்தி, கணக்குப் போடாமல் இருக்க முடியவில்லை. மனை, கட்டடம் எல்லாம் சேர்த்து 60 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். பேங்கில் 7 சதவிகித வட்டி என்றால் வருஷத்துக்கு 4,20,000 ரூபாய். வாட்ச்மேனுக்கு மாசம் 8,000 வீதம் 96,000. மொத்தம் 5,16,000. நீங்கள் தங்கப்போவது மிஞ்சிப்போனால் 30 நாள். ஆக, ஒரு ராத்திரிக்கு 17,200 ரூபாய்! பெயின்ட், கரன்ட் பில், கரையான் செலவெல்லாம் தனி. 'ஏழைகளின் ஊட்டி' என்று பேர் வாங்கின ஊரில் இந்த வாடகையா?

"என் காசு, உனக்கென்ன?" என்பீர்கள். காசு உங்களுடையதுதான். தண்ணீர்? மலையில் ஊற்றெல்லாம் வற்றுகிற ஏப்ரல், மே மாசத்தில்தான் நீங்கள் சூட்கேஸோடு வருகிறீர்கள். புல்தரைக்கு ஹோஸ் பைப் பிடிப்பதும் அப்போதுதான். போர்வெல்லில் நீங்கள் உறிஞ்சுவது பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றுக்கும் சேர வேண்டிய தண்ணீர்.

"வேலை குடுக்கறோமே!" என்பீர்கள். தலைமுறை தலைமுறையாக இந்தச் சேர்வராயன் மலையில் வாழ்கிற மலையாளிப் பழங்குடிக் குடும்பத்துப் பையனுக்குப் பூட்டைப் பார்த்துக்கொள்கிற வேலை. நீங்கள் கொடுத்த விலையைப் பார்த்துப் பக்கத்து மனைக்காரரும் ஏற்றிச் சொல்வார். அப்புறம் அந்தப் பையன் சொந்த ஊரில் அரை சென்ட் வாங்க முடியுமா?

1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை இந்த மலைக்குக் காபிச் செடியைக் கொண்டுவந்தார். அது இன்றைக்கும் பலருக்குச் சோறு போடுகிறது. நீங்கள் கொண்டுபோவது காம்பவுண்டு சுவர். அதற்காக சில்வர் ஓக் மரத்தை வேறு வெட்டுகிறீர்கள். நிழல் போனால் காபி என்னாகும் என்று யாரையாவது கேட்டீர்களா?

மலைக்குப் போகவே கூடாது என்று சொல்லவில்லை. தாராளமாகப் போங்கள். அறுபது வயதுக்கு மேல் ஒரு மாசம் குளுகுளுவென்று இருக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஆனால், படகுக்காரனைப் போலப் போங்கள். உள்ளூர்க்காரர் வீட்டில் ஒரு அறையை வாடகைக்கு எடுங்கள். அவர் வீட்டுச் சாப்பாட்டுக்கும் காசு கொடுங்கள். தண்ணீரை பக்கெட்டில் அளந்து செலவழியுங்கள். பிளாஸ்டிக்கைத் திரும்பக் கீழே கொண்டுவாருங்கள். ஜூனில் மழை பிடிப்பதற்குள் கிளம்பிவிடுங்கள். அசல் 60 லட்சம் பேங்கில் பத்திரமாக இருக்கும். வட்டியில் வருஷா வருஷம் போய்வரலாம்.

இல்லை, சொந்த வீடுதான் வேண்டும் என்றால், பன்னிரண்டு மாசமும் அங்கேயே குடியிருங்கள். அடைமழையையும் ஐப்பசிக் குளிரையும் அனுபவியுங்கள். ரேஷன் கார்டை மாற்றுங்கள். கிராம சபையில் போய் உட்கார்ந்து தண்ணீருக்குச் சண்டை போடுங்கள். அப்போது நீங்களும் அந்த ஊர்க்காரர். கை குலுக்கி வரவேற்கலாம்.

இரண்டும் முடியாது, சாவி மட்டும் போதும் என்றால்... பூட்டின வீட்டுக்குள் மலைக்காற்று எப்படி சார் வரும்?