மரம் நடும் விழா மட்டும் காடாகிவிடாது

மலாக்கா என்பதே ஒரு மரத்தின் பெயர். பரமேஸ்வரா இளைப்பாறியதாகச் சொல்லப்படும் அந்த மரம், நம் வீட்டில் ஊறுகாய் போடும் நெல்லிதான். மரத்தின் பெயரைத் தாங்கிய இந்த மாநிலத்தில் இன்று காப்புக்காடு, மொத்த நிலத்தில் நூற்றுக்கு ஐந்து பங்குகூட இல்லை. சுங்கை ஊடாங்கிலும் ஜாசின் வட்டாரக் குன்றுகளிலும் மிஞ்சியிருப்பவையே பழைய காட்டின் எச்சம்.

ஒவ்வோர் ஆண்டும் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் மரம் நடும் விழா நடக்கிறது. அரசாங்கமும் 2021 ஜனவரியில், ஐந்தாண்டுகளில் 100 மில்லியன் மரங்கள் நடும் இயக்கத்தைத் தொடங்கியது. நல்ல முயற்சிதான். ஆனால் எத்தனை கன்று நட்டோம் என்பதை மட்டுமே எண்ணிக்கொண்டிருந்தால் காடு திரும்பி வராது. நெருப்பைத் தள்ளி வைப்பது, மிஞ்சியிருக்கும் தாய்மரங்களைக் காப்பது, நட்ட கன்றைப் பல ஆண்டுகள் பராமரிப்பது. இந்த மூன்றும் இல்லாமல் நடுவதில் பயன் குறைவு என்பதே என் கருத்து.

இதற்குக் காரணம் நம் காட்டு வன்மரங்களின் இயல்பு. மெராந்தி, கெருயிங், பாலாவ், செங்கால் எல்லாம் ஒரே குடும்பம். பூசைக்குப் புகைக்கும் குங்கிலியத்தைத் தரும் மரங்களும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையே. இவற்றில் பல ஆண்டுதோறும் பூப்பதில்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, காடு முழுவதும் ஒரே காலத்தில் பூத்துக் காய்க்கின்றன. சிறகு முளைத்த காய்கள் சுழன்று விழுந்தாலும், பெரும்பாலானவை தாய்மரத்தை விட்டு வெகுதூரம் போவதில்லை. விழுந்த விதை சில வாரங்களுக்குள் முளைக்க வேண்டும், இல்லையேல் செத்துவிடும். விதைநெல்லைப் போல எடுத்து வைத்துக்கொள்ள முடியாது. முளைத்த கன்று, மேலே ஓர் இடைவெளி கிடைக்கும்வரை நிழலில் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும்.

அந்தக் கன்றுகளின் நடுவே ஒருமுறை நெருப்பு ஓடினால் என்ன ஆகும்? கன்றுகள் கருகும். நெருப்புக்குப் பழகாத தாய்மரங்களும் சாகும். மண்ணுக்குள் விதைச் சேமிப்பும் கிடையாது. தமிழ்நாட்டு முதுமலைக் காட்டின் கதை வேறு. அங்குள்ள தேக்கு கோடையில் இலை உதிர்த்து, தடித்த பட்டையால் தீயைத் தாங்கி, அடிமரத்திலிருந்து மீண்டும் துளிர்க்கும். நம்முடையது மழைக்காடு. நெருப்பு இங்கே பெரும்பாலும் மனிதனோடு வந்த விருந்தாளி.

எப்போது வந்தது? 19ஆம் நூற்றாண்டில் மலாக்காவில் மரவள்ளி பயிரிட்டவர்கள் காட்டை வெட்டி எரித்தார்கள். மண் சத்து இழந்ததும் விட்டுவிட்டு அடுத்த காட்டுக்கு நகர்ந்தார்கள். அவர்கள் விட்டுப்போன நிலத்தில் லாலாங் புல் மண்டியது. லாலாங் வெயில் காலத்தில் எளிதாகத் தீப்பற்றும். மண்ணுக்கு அடியில் இருக்கும் தண்டு தப்பித்து மறுபடி முளைக்கும், ஆனால் மரக்கன்று தப்பாது. அதனால் ஒரு தீ அடுத்த தீக்கு வழிவிட்டது. பிறகு ரப்பர் வந்தது. தான் சாய் யான் 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் தொடங்கி, அடுத்துப் புக்கிட் அசகானில் பெரிய தோட்டம் போட்டார். அதன்பின் தோட்டம் தோட்டமாகக் காடு விழுந்தது. அந்தத் தோட்டங்களில் உழைத்தவர்களில் நம் முன்னோர் ஏராளம். அதற்காகக் காட்டை அழித்த பழியை அவர்கள் மேல் போடுவது நியாயமாகாது. நிலமும் அவர்களுடையதல்ல, முடிவும் அவர்களுடையதல்ல. ஆனால் அந்த மண்ணை நன்கு அறிந்தவர்கள் என்ற உரிமை நமக்கு உண்டு.

நெருப்பு இல்லாமல் தோட்டமே போட முடியாது என்று நெடுங்காலம் சொன்னார்கள். கோல்டன் ஹோப் நிறுவனம் அதைப் பொய்யாக்கியது. பழைய மரங்களைத் துண்டாக்கி, நிலத்திலேயே மக்கவிட்டு, எரிக்காமல் மறுநடவு செய்யும் முறைக்காக 1992-இல் ஐக்கிய நாடுகளின் 'குளோபல் 500' விருதைப் பெற்றது. திறந்தவெளியில் எரிப்பதை 1974ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டமும் தடைசெய்கிறது. ஆனாலும் காய்ந்த இலையைக் கண்டால் தீக்குச்சியைத் தேடும் பழக்கம் நம் வீட்டு வாசலில் இன்னும் இருக்கிறது.

எரிப்பதன் விலை என்ன என்று 2013 ஜூனில் பார்த்தோம். சுமத்ராவிலிருந்து வந்த புகைமூட்டத்தால் நமக்குப் பக்கத்திலுள்ள மூவாரிலும் லேடாங்கிலும் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 300-ஐத் தாண்டினாலே அபாயம். மூவாரில் அது 700-ஐத் தாண்டியது.

சபாவின் அனுபவமும் நமக்குப் பாடம். 1982-83 எல் நினோ வறட்சியில் அங்கே சுமார் ஒரு மில்லியன் ஹெக்டர் எரிந்தது. பெரும்பகுதி, ஏற்கெனவே மரம் வெட்டப்பட்ட காடு. மேல்கூரை திறந்து வெயில் உள்ளே இறங்கியதும், வெட்டிப்போட்ட கிளைகள் காய்ந்து விறகாகக் கிடந்ததும்தான் காரணம். அப்படிச் சிதைந்த லுவாசோங் பகுதியில் 1998 முதல் சபா அறவாரியமும் ஐக்கியா நிறுவனமும் சேர்ந்து சுமார் 18,500 ஹெக்டரில் மறுசீரமைப்பைத் தொடங்கின. தீக்குப் பின் தானாக வளர்ந்த சிறு மரங்களை முழுக்க அழிக்காமல், அவற்றின் நிழலில் வரிசை வரிசையாக உள்நாட்டு மரக்கன்றுகளை நட்டார்கள். நட்டதோடு நிற்காமல், கொடிகளை அறுத்துத் திரும்பத் திரும்பப் பராமரித்தார்கள்.

"வன்மரம் வளர அறுபது, எழுபது வருஷம் ஆகுமே, யார் காத்திருப்பது?" என்று நண்பர்கள் கேட்பார்கள். கெப்போங்கில் உள்ள வன ஆராய்ச்சிக் கழகத்துக்குப் போய்ப் பாருங்கள். ஈயச் சுரங்கமும் காய்கறித் தோட்டமும் பாழாக்கிய நிலத்தில் 1920களில் மரம் நடத் தொடங்கினார்கள். நட்டவர்கள் அந்தக் காட்டை முழுதாகப் பார்க்கவில்லை. 2025-இல் யுனெஸ்கோ அதை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

மலாக்காவில் 21 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. பல பள்ளிகள் தோட்டங்களில் பிறந்தவை. ஒவ்வொன்றிலும், இடைநிலைப்பள்ளி மன்றங்களிலும், ஒரு சிறு நாற்றங்கால் வைக்கலாம். வனத்துறையின் அனுமதியோடு, மரங்கள் காய்க்கும் ஆண்டில் விதை சேகரிக்கலாம். தாய்மரத்தடி மண்ணில் ஒரு பிடி சேர்த்தால், வேருக்குத் துணைநிற்கும் பூஞ்சையும் கன்றோடு வரும். ஆண்டுக்கு இருநூறு கன்று நட வேண்டாம், இருபது போதும். ஐந்தாண்டு உயரத்தை அளந்து எழுதி வைத்தால், முதல் படிவத்தில் நட்ட மாணவர் எஸ்.பி.எம். எழுதும்போது கையில் ஓர் ஆய்வேடே இருக்கும். காய்ந்த இலையைக் கொளுத்தாமல் அந்தக் கன்றுகளுக்கு உரமாக்கலாம்.

அடுத்த முறை உங்கள் பள்ளியில் மரம் நடும் விழா நடந்தால், மூன்று கேள்விகள் கேளுங்கள். இது என்ன மரம்? இதன் விதை எந்தத் தாய்மரத்திலிருந்து வந்தது? அடுத்த வறட்சியில் இதற்கு யார் தண்ணீர் ஊற்றுவார்? மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லையென்றால், உங்கள் பெயரைச் சொல்லுங்கள்.